சுங்கை ஊடாங்கில் ஏழாம் எண் அறை

சனிக்கிழமை மாலை மணி 4.10. சுங்கை ஊடாங்கில் பேருந்தைவிட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உயரக் குழாயில் எப்போதும் எரியும் தீ. வெயிலில் அது நிறமிழந்து தெரிந்தது.

1999. பள்ளி விடுமுறை. மறுநாள் ஜாசினில் ஒரு திருமணம். மலாக்கா நகர விடுதிகளில் இடமில்லை. பினாங்கில் என் அலுவலகக் கணினியில் தேடியபோது இந்த விடுதியின் பக்கம் கிடைத்தது: ஏழு அறை, ஓர் இரவுக்கு முப்பது ரிங்கிட், காலை உணவு உண்டு. மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: "ரூம் உங்களுக்குத்தான். சரோஜா."

சரோஜா விடுதி வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும்.

"இமெயில் சார் நீங்கதானே? வந்துட்டீங்களே! முன்னாடி ரெண்டு பேரு எழுதினாங்க, வரவே இல்ல."

அவரிடம் கணினி கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் பேருந்தில் இருபது கிலோமீட்டர் போய், மலாக்காவில் ஒரு சைபர் கஃபேயில் அஞ்சல் பார்க்கிறார். வந்த கடிதத்தையும் தன் பதிலையும் அச்செடுத்து, சமையலறை ஆணியில் குத்திவைக்கிறார். என்னுடையது மேலே இருந்தது.

மற்ற ஆறு அறைகளிலும் ஆலையில் வேலை செய்யும் வெல்டர்கள். அவர்களைக் கொண்டுவருபவர் ஒரே கான்ட்ராக்டர். போன வருடம் அவருக்கு வேலை நின்றது. நான்கு மாதம் விடுதி பூட்டிக் கிடந்தது. அதன் பிறகுதான் சரோஜா இணையப் பக்கம் போட்டாராம்.

மணி 6.20. கான்ட்ராக்டரின் வேன் வந்தது. உள்ளே புது ஆள் ஒருவர்.

"சரோ, ஏழாம் நம்பர தொற."

"ஆள் இருக்காருண்ணே."

"யாரு? ஒரு ராத்திரி ஆளா? என் ஆளு ஆறு மாசம் இருப்பான்லா."

சரோஜா உள்ளே போய்த் தாளை ஆணியிலிருந்து எடுத்துவந்தார். "எழுதிக் குடுத்துட்டேன். இதுல என் பேரு இருக்கு."

"பேப்பருக்கா ரூம் குடுப்ப?"

நான் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். "நீங்க உக்காருங்க சார்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"அப்போ ஆறு ரூமும் நாளைக்குக் காலி" என்றார் கான்ட்ராக்டர். "கம்பியூட்டர் வந்து தங்கட்டும்."



ஞாயிறு காலை 7.05. வேனில் பைகள் ஏறின. ராஜு என்ற வெல்டர் தன் சோற்றுப் பானையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, புது எடத்துல உங்க சாம்பார் இன்டர்நெட்டுல வருமா?"

"வாய மூடு ராஜு."

"இல்லக்கா, அந்த இமெயில் அட்ரஸ எழுதிக் குடுங்க. தீபாவளிக்குக் குடும்பத்தோட வர்றேன்."

சரோஜா எழுதிக் கொடுத்தார். எழுத்தெழுத்தாகப் படித்தும் காட்டினார்.

எங்கள் பினாங்கில் விடுதிக்காரர்கள் பேருந்து நிலையத்துக்கே வந்து பையைப் பிடித்து இழுப்பார்கள். நேற்றுவரை முகமறியாத ஒருவனுக்காக ஆறு அறைகளை விட்டவரை நான் அங்கே பார்த்ததில்லை.

சாவியைக் கொடுத்தேன். பலகையில் மாட்டினார். ஏழு ஆணி, ஏழு சாவி.

8.40 பேருந்தில் அஞ்சல் பார்க்க அவரும் ஏறினார். மலாக்காவுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட் எண்பது காசு. சைபர் கஃபே வாசலில் பிரிந்தோம். கதவு பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது பத்து மணிக்குத்தான் திறக்கும்.