கெண்டைக்காலில் திணித்த டீத்தூள்

காட்டுமாடு முட்டினா உடனே வலிக்காது, கிழியும். வலி அப்புறந்தான். தேவாலா பக்கம் எங்க டீ எஸ்டேட்டுல காலையில கொழுந்து கிள்ளிக்கிட்டு நின்னேன். பனி விலகல. செடிக்குள்ள படுத்திருந்த சனியன் எந்திரிச்சு வந்து, கொம்பால கெண்டைக்காலைக் கிழிச்சு, என்னைப் பக்கத்து வரிசையில தூக்கி வீசிட்டுப் போயிருச்சு. பார்த்தா சதை பிளந்து தொங்குது. ரத்தம் கொட்டுது. நான் போட்ட கூச்சல்ல ஃபேக்டரியே வெளிய ஓடி வந்துருச்சு.

என் வீட்டுக்காரருக்கு அந்த ஃபேக்டரியிலதான் வேலை. ஓடி வந்தவர் கையில ரெண்டு பிடி டீத்தூள். எங்க லைன் வீடுகள்ல யாருக்குக் கத்தி பட்டாலும் அதுதான் முதல் வைத்தியம். பிளவுக்குள்ள அமுக்கித் திணிச்சு, என் முந்தானையைக் கிழிச்சு இறுக்கிக் கட்டினார். ரத்தம் நின்னுச்சு. "ஆஸ்பத்திரி எதுக்கு புள்ள, அதான் நின்னுருச்சே"ன்னு பெருமை வேற. நாசமாப் போன பெருமை! அந்த வாரமே காய்ச்சல். கால் வீங்கிக் கறுத்து, கட்டுக்குள்ள இருந்து செத்த எலி நாத்தம்.

கூடலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. டாக்டரம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்துட்டு, "இது காலா, டீ வடிகட்டியாய்யா?"ன்னு அவரை வெளிய துரத்தினாங்க. அப்புறம் கத்தியை எடுத்து அழுகின சதையைச் சுரண்டினாங்க. நடுவுல மரக்கட்டை மாதிரி உணர்ச்சியே இல்ல. ஓரத்துல பட்டா உயிர் போச்சு. நான் திட்டாத திட்டு இல்ல.

"கத்தாத"ன்னாங்க டாக்டரம்மா. "சதையை நானா ஒட்டவைக்க முடியும்? ஓரத்துல உயிரோட இருக்கற செல்லுதான் பெருகி வரணும். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் நூலா இருக்கு. செல்லு எப்படி இருக்கணும்கறது அத்தனையும் அந்த நூல்லதான் இருக்கு. செல்லு முதல்ல ஒவ்வொரு நூலுக்கும் அச்சு அசலா இன்னொண்ணு செஞ்சுக்கும். ஜோடி ஜோடியா நடுவுல நிறுத்தும். ஜோடியைப் பிச்சு ரெண்டு பக்கமும் இழுக்கும். கடைசியில இடுப்பு நெரிஞ்சு ரெண்டு செல்லாப் பிரியும். ரெண்டுலயும் அதே நூல். இப்படி ரெண்டு நாலாகி, நாலு எட்டாகித்தான் பள்ளம் நிறையும். செத்தது பிரியாது. தூளும் சீழும் கிடந்தா உயிரோட இருக்கறதும் சாகும்."

"பிரியலைன்னா?"

"விஷம் ஏறிரும். முட்டிக்கு மேல காலை எடுத்துருவேன்."

ஒத்தைக் காலை வெச்சுக்கிட்டு எந்தச் சரிவுல நின்னு கொழுந்து கிள்ளுவேன்? மறுநாள் அவர் கஞ்சியோட வந்து நின்னார். டம்ளரை வீசினேன். அவர் நெத்தி கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. "உங்களுக்கு ஆறிரும்! உங்க செல்லு நல்லாத்தானே பிரியும்!"னு கத்தினேன். கண்ணை மூடிப் படுத்துக்கிட்டு என் கால்ல இருக்கற செல்லுகளையும் திட்டினேன். "பிரிஞ்சு தொலைங்கடி, மூதேவிகளா, உள்ள என்னடி பண்ணுறீங்க?"

காலை எடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ற அன்னிக்கு, டாக்டரம்மா புண்ணு நடுவுல கத்தியை வெச்சு ஒரு சுரண்டு சுரண்டினாங்க. அம்மாடியோவ்! உச்சி மண்டை வரைக்கும் வலி வெட்டிச்சு. நான் அலறின அலறலுக்கு, வெட்டுறாங்கன்னு நினைச்சு அவர் கதவைத் தள்ளிக்கிட்டு வந்து, நர்ஸை இடிச்சுத் தள்ளி, டாக்டரம்மா கையைப் பிடிச்சுட்டார். கத்தி அவங்க கையில ஆடுது.

"விடுங்க அவங்களை!"ன்னு நான் புண்ணுக் காலாலயே அவரை எட்டி ஒரே உதை. மருந்துத் தட்டோட கீழ விழுந்தார்.

டாக்டரம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கல. உதைச்ச காலைப் பிடிச்சுக் குனிஞ்சு பார்த்தாங்க. பள்ளம் முழுக்கச் சிவப்புச் சதை, மணி மணியா. புது ரத்தம் வழியுது.

"நடுவுலயும் செல்லு பிரிஞ்சு வந்துருச்சு, இந்தக் காலையா வெட்டுவேன்?"ன்னு சிரிச்சாங்க.