மூச்சையும் மானத்தையும் சேர்த்துக் கேட்டேன்

என் சகோதரிகளே, அல்லாஹ் என் துஆவை ஏற்றுக் கபூலாக்கினான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் மறைக்க மாட்டேன்.

நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம். நெஞ்சில் நீர் கட்டி, படுத்தால் மூச்சு முட்டியது. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்று அழுதேன். முதுகில் ஊசி போட்டு நீரை எடுக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பெண் டொக்டர்தான் செய்வார் என்றதும் சம்மதித்தேன்.

மேசையில் தலையணை வைத்து, அதில் சாய்ந்து குனியச் சொன்னார்கள். முதுகு திறந்து கிடந்தது. அந்த டொக்டர் இன்னும் வேலை பழகுகிற பிள்ளை, என் மகளின் வயது. திடீரென்று பின்னால் ஓர் ஆம்பிளைக் குரல்! திரும்பினால், சேலைன் கம்பியில் ஒரு போனைக் கட்டி என் முதுகுக்கு நேரே வைத்திருக்கிறார்கள்.

“ஆரது? படமா எடுக்கிறீங்க?” கத்திக்கொண்டே முக்காட்டை இழுத்து முதுகை மூடினேன்.

“இல்லம்மா, எங்கட பெரிய டொக்டர். வேற ஊர்ல இருந்து பார்த்து எனக்குச் சொல்லித் தாறார்.”

“அத என்னட்டக் கேட்டீங்களா மகள்? இது என்ட உடம்பா, உங்கட பள்ளிக்கூடக் கரும்பலகையா?”

“மூச்சு விட ஏலாது, சண்டைக்கு மட்டும் மூச்சு வருது ராத்தாக்கு,” என்றார் பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்.

“வரும் மிஸ். உங்கட முதுகெண்டா உங்களுக்கும் வரும்.”

அதோடு இருமல் பிடித்தது. கண் இருண்டது. மேசையில் நெற்றியை வைத்தேன். “யா அல்லாஹ், என்ட மூச்சும் உன்ட கையில, மானமும் உன்ட கையில. ஒண்டைத் தந்து மத்ததை எடுத்துப்போடாத.”

அந்தப் போனிலிருந்தே பதில் வந்தது.

“அம்மா, பிழை எங்கட. முதல்லயே கேட்டிருக்கணும். ஊசி போற இடம் மட்டும் எனக்குத் தெரிஞ்சாப் போதும். நீங்க ஓம் எண்டாத்தான் பார்ப்பன்.”

நடுவில் ஓட்டையுள்ள பச்சைத் துணியால் என்னை மூடினார்கள். “ஓம்” என்றேன்.

ஊசி தோலில் பட்டதுதான் தாமதம், “நில்லுங்க!” என்றது குரல். “அது விலா எலும்புட கீழ் விளிம்பு. ரத்தக்குழாய் ஓடுற இடம். வெளிய எடுங்க. அடுத்த எலும்புட மேல் விளிம்பால போங்க.”

அந்தப் பிள்ளை ஊசியை வெளியே எடுத்து, அடுத்த எலும்பைத் தடவிப் பார்த்துக் குத்தினார். போனில் அந்தக் கண் பார்த்திராவிட்டால்? பிறகு போத்தலில் நீர் இறங்கியது. மூச்சு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்! நான் ஏசிய அந்த ஆம்பிளைக் குரலைக்கொண்டே ரப்பான அல்லாஹ் என் உயிரைக் காத்தான்.

ஆனால் கேளுங்கள். அந்தப் பச்சைத் துணி முதலிலிருந்தே அந்த அறையில்தான் இருந்தது. போனைக் கட்ட நேரம் இருந்தவர்களுக்கு ஒரு சொல் கேட்க நேரம் இருக்கவில்லையா? நான் கத்தாவிட்டால் ஆர் மூடியிருப்பார்?

இப்போது எங்கள் தெருப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் துணைக்கு நான் போகிறேன். ஊசி ஆர் போடுவார், எங்கிருந்து ஆர் பார்ப்பார் என்று வாசலிலேயே கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

சகோதரிகளே, உயிருக்காக மானத்தையோ மானத்துக்காக உயிரையோ விட்டுவிடாதீர்கள். இரண்டையும் அல்லாஹ்விடம் கேளுங்கள், அவன் தருவான். கேட்ட அதே வாயால் டொக்டரிடமும் கேளுங்கள்.