கரித்தணலும் ஒரு கேலக்ஸியும்

நீலகிரியில் பிக்கட்டிக்கு மேலே ஒரு எஸ்டேட் பங்களாவில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் வானியல் வகுப்பு நடந்தது. பாத்திரம் கழுவ என்னை வைத்திருந்தார்கள். எந்த வேலையிலும் நான் நிலைத்ததில்லை. ஒரு வாரம் என்பது எனக்குச் சரியான அளவு.

டீ கொடுக்கப் போனபோது வாத்தியாரம்மா சுவரில் ஒரு சுருள் கேலக்ஸியைக் காட்டிக்கொண்டிருந்தார். அதன் கைகளில் வாயு மேகம் மேகமாகக் கிடக்கிறதாம், ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்த வாயு. நம் உறைபனியெல்லாம் அதற்கு வெயில். அந்தக் குளிரில்தான் மேகம் தன் எடையிலேயே இடிந்து விழுந்து நட்சத்திரமாகிறது. நடுவில் கருந்துளை. அதற்குள் விழப்போகும் வாயு கொதித்து, சுற்றிலும் சூறாவளியாக அறைகிறது. அடிபட்ட மேகம் சூடாகிக் கிழிந்து ஓடுகிறது. அங்கே நட்சத்திரம் பிறப்பதில்லை.

"கேஸ் சூடானா பத்திக்காதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அங்க எரியறதுக்கு வழியில்லீங்க," என்றார் அவர். "சூடானா விரியும், முட்டும். அடைச்சு வெச்சிருந்தா வெடிக்கும்."

மறுநாள் காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. அந்தக் குளிரில் சிலிண்டரிலிருந்து கேஸ் மேலே வராது. எங்கள் பக்கம் சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றுவார்கள். சமையல்காரர் அதற்கும் பொறுக்காமல், இரும்புச் சட்டியில் கரித்தணல் அள்ளி வந்து சிலிண்டரை ஒட்டித் தள்ளினார்.

"அண்ணா, எடுங்க. வெடிச்சிரும்."

"ஏனுங்க விஞ்ஞானி, எட்டாங்கிளாசுல பெயிலானவரு எனக்குக் கேஸ் சொல்லித் தர்றீங்களா? போயி குண்டாவக் கழுவுங்க."

சட்டியை உதைத்தேன். தணல் அவர் காலில் சிதறியது. அவர் இரும்புக் கரண்டியை என் வாயில் வீசினார், முன்பல் உடைந்தது. கழுத்தைப் பிடித்து அவர் மண்டையைச் சுவரில் மோதினேன். இரண்டாவது முறை மோதியது சிலிண்டருக்காக அல்ல, விஞ்ஞானி என்றதற்காக. பிறகு அவரை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, சிலிண்டரைத் தணலிலிருந்து தள்ளி உருட்டினேன்.

சத்தம் கேட்டு பங்களா மேனேஜரும் வாத்தியாரம்மாவும் ஓடி வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"சிலிண்டர் வெடிச்சுதா?"

"இல்லீங்க."

"இவரு மண்டை உடைஞ்சிருக்குது. அது தெரியுது."

"அவர் சொன்னது சரிதாங்க," என்று வாத்தியாரம்மா என்னைக் காட்டினார்.

"சரியான்னு வெடிச்சாத்தானுங்களே மேடம் தெரியும்?"

என்னைப் போகச் சொன்னார்கள். சமையல்காரர் மண்டையில் துணியை அழுத்திக்கொண்டு என் அம்மாவரை இழுத்துத் திட்டினார். திட்டுகிற அளவுக்கு உயிரோடு இருந்தார். ரத்தத்தைத் துப்பிவிட்டு பஸ்சுக்கு நடந்தேன்.