நீலச் சுடர் தெரியாத பிற்பகல்

லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்தில் பல வருடங்கள் உதவியாளராக இருந்தேன். வகுப்புக்கு முன் வேண்டியவற்றை எடுத்துவைப்பதும், முடிந்தபின் கழுவி அடுக்குவதும் என் வேலை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது பேர்னர்களை ஒவ்வொன்றாகக் கொளுத்திச் சோதிப்பது. ஊரில் பேர்னரைச் சுடரடுப்பு என்று படித்திருந்தேன்.

அது எளிய சாமான். அடியிலுள்ள ஊசித்துளை வழியாக வாயு வேகமாகப் பாய்ந்து குழாயில் ஏறும். குழாயின் கீழ்ப்பக்கம் ஒரு காற்றுத் துளையும், அதைத் திறக்க மூட ஒரு வளையமும் உண்டு. துளையை மூடினால் காற்றுப் போதாமல் வாயு அரைகுறையாக எரியும். கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்ந்து சுடர் மஞ்சளாக ஆடும். சூடு குறைவு, பாத்திரத்தில் கரியும் பிடிக்கும். முழுதாகத் திறந்தால் சுடர் இரைந்துகொண்டு எரியும். நடுவே வெளிர்நீலக் கூம்பு, அதன் நுனிக்குச் சற்று மேலேதான் அதிக சூடு. பாதி திறந்தால் சத்தமில்லாத நீலம். வெளிச்சமான அறையில் அது யாருக்கும் லேசில் தெரியாது. அதனால்தான் சூடாக்காத நேரத்தில் மஞ்சளில் விடச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார்கள்.

ஒரு கோடைப் பிற்பகல், யன்னலால் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பேர்னரைக் கொளுத்தி வளையத்தைப் பாதி திருப்பினேன். மஞ்சள் போனது. அதன்பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அணைந்துவிட்டது, வாயு கசிகிறது என்று பதறி, மேசைக்கு அப்பாலிருந்த வாயுக் குழாயை மூட, பேர்னருக்கு மேலாகக் கை நீட்டினேன்.

"அன்ரி! அது எரியுது!"

இரசாயன ஆசிரியை ஓடிவந்து வாயுவை மூடினாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை. சுட்டுப்போன என் மணிக்கட்டைத் தண்ணீர்க் குழாயின் கீழ் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"அன்ரி, உங்களுக்கு உண்மையா தெரியேல்லையா? நான் கதவடியிலயிருந்தே பார்த்தனான்."

கொஞ்ச நாளாகப் படியில் கால் தடுக்குவதும், பக்கத்தில் வருகிறவர்களோடு முட்டிக்கொள்வதும் அப்போதுதான் ஒன்றாக ஞாபகம் வந்தன.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்த்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகியிருக்கிறது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் வைத்தியர். பஸ் ஓட்டும் என் கணவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். வெளியே வந்ததும் கேட்டார்.

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எனக்கே தெரியாதப்பா."

அவர் என் கட்டுப்போட்ட கையை விட்டுவிட்டு மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீடிருக்கும் ஈஸ்ட் ஹாம் வரும்வரை ரயிலிலும் அதை விடவில்லை.

நெருப்பில்லாத வேலைகளைச் செய்யலாம் என்று பள்ளிக்கூடத்தில் அன்பாகத்தான் சொன்னார்கள். சில வாரங்கள் செய்து பார்த்தேன். கண்ணாடிக் குவளைகளின் விளிம்பிலுள்ள வெடிப்பும் எனக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளையின் விரல் வெட்டுப்பட்டதும் நானே போய், இனி ஏலாது என்று சொல்லிவிட்டேன். கடைசி நாள் அந்த ஆசிரியை சாமான் அறைக்குள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, என் வெள்ளை மேலங்கியைத் தோய்க்கப் போட்டபிறகுதான் அழுதேன்.

எங்கள் குசினியிலும் வாயு அடுப்புத்தான். பகலில் அதன் நீலமும் எனக்குத் தெரிவதில்லை.

"நான் வரும்வரைக்கும் அடுப்புக்குக் கிட்டப் போகாதையும்" என்கிறார் கணவர். வேலைக்குப் போகுமுன் விடியவே எழும்பி, அதுவரை தேங்காய்கூடத் துருவியறியாத மனிதர் சோறும் கறியும் சமைத்து மூடிவைத்துவிட்டுப் போகிறார். பின்னேரம் வந்ததும், "சாப்பிட்டீரோ? எப்படி இருந்தது?" என்று கேட்கிறார். பல நாட்கள் உப்புக் கூடித்தான் இருக்கும். நல்லாயிருந்தது என்று சொல்கிறேன்.