அண்ணன் எங்க போனாரு?

கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். நினைவைப் பற்றிய அத்தியாயத்தை வருடா வருடம் நடத்துவதால், அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் எண்ணியிருந்தேன்.

போன வருடம் ஒரு முற்பகலில் வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தபோது, எங்கள் யூனிட் ஆபரேட்டரிடமிருந்து வரிசையாக அழைப்புகள் வந்திருந்தன. நல்லூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் என் கணவர் சின்னதாக நிட்டிங் யூனிட் நடத்துகிறார். பனியன் துணி ஓட்டுவதுதான் வேலை. ஆபரேட்டர் பீகார்க்காரர், தமிழை யூனிட்டிலேயே கற்றுக்கொண்டவர். திருப்பி அழைத்தேன்.

"அக்கா, சீக்கிரம் வாங்க. சார் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப கேக்குது."

"கீழ விழுந்துட்டாரா?"

"இல்ல அக்கா. துணி ரோல் தூக்குச்சு. அப்புறம்தான் இப்படி."

பக்கவாதம் என்றுதான் முதலில் தோன்றியது. ஸ்கூட்டரை எப்படி ஓட்டி வந்தேன் என்பது இன்றும் சரியாக நினைவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மெஷின் பக்கத்தில் நின்று, அறுந்துபோன நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் தடுமாறவில்லை. வாய் கோணவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், தூக்கினார்.

"நீ காலேஜு போவலயா புள்ள?"

"உங்களப் பாக்கத்தான் வந்தேனுங்க."

"எனக்கென்ன, நல்லாத்தான இருக்கறேன்? அண்ணன் எங்க போனாரு? காலைல இருந்து ஆளயே காணோம்."

இந்த யூனிட்டை அவரும் அவர் அண்ணனும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். அண்ணன் மாரடைப்பில் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்தான் அவர் என்னை அத்தனை முறை அழைத்திருக்கிறார்.

வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஆபரேட்டர் முன்சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தபடியே வந்தார். பல்லடம் ரோடு நெரிசலில் கார் நகரவில்லை. "நாம எங்க போறோம்?" என்று கணவர் கேட்டார். சொன்னேன். "செரி" என்றார். உடனே, "அண்ணன் எங்க போனாரு?"

பொய் சொல்ல வரவில்லை. "உங்கண்ணன் தவறிப்போயிட்டாருங்க. போன வருசமே."

அவர் முகம் உடைந்ததைப் பார்த்தேன். சாவு வீட்டில் எப்படி அழுதாரோ அப்படியே அழுதார். "என்கிட்ட ஏன் சொல்லல? நான் பாக்கவே இல்லையே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அண்ணனின் பாடைக்குத் தோள் கொடுத்தவர் அவர்.

அழுகை மெல்ல ஓய்ந்தது. ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். கன்னத்தைத் தடவிவிட்டு ஈரக் கையை என்னிடம் நீட்டினார்.

"மூஞ்சி ஏன் இப்படி நனைஞ்சிருக்குது? அண்ணன் எங்க போனாரு புள்ள?"

கரும்பலகையில் நான் பெட்டி பெட்டியாக வரைவேன். கண்டதும் கேட்டதும் முதலில் ஒரு சின்ன அறையில் சற்று நேரம் தங்கும், அங்கிருந்து உள்ளறைக்குப் போனால்தான் நிலைக்கும் என்பேன். கைவேலையின் நினைவுக்கு வேறொரு பாதை இருப்பதாகவும் சொல்வேன். மாணவிகள் அம்புக்குறியோடு எழுதிக்கொள்வார்கள். என் கணவருக்கு அந்த உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. கைக்கு முடிச்சுத் தெரிந்தது, என்னைத் தெரிந்தது, ஆனால் நான் சொன்னது எதுவும் தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவருக்கு அண்ணன் அப்போதுதான் சாவார்.

"ஊட்டுல இருக்காருங்க" என்றேன்.

"அப்படியா" என்று சாய்ந்துகொண்டார். ஆனாலும் அவர் மனம் அமைதியாகவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "என்னமோ மனசுக்குச் செரியில்ல. என்னன்னு தெரியல" என்றார். சேதி அழிந்தபின்னும் துக்கம் உடம்பில் தங்கியிருந்தது. அதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு மருத்துவர் சில சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். சிறிது நேரம் கழித்துக் கேட்டபோது, "நீங்க எதுவும் சொல்லலீங்களே" என்றார் இவர், மிக மரியாதையாக. அதைக் கேட்டுத்தான் நான் அன்று முதல்முறையாக அழுதேன்.

ஸ்கேனில் பக்கவாதம் இல்லை. "பாரம் தூக்கறப்பவோ அதிர்ச்சியிலயோ சிலருக்கு இப்படி வருமுங்க. சில மணி நேரத்துல செரியாயிரும்" என்றார் மருத்துவர். "ஆனா இந்தப் பகல் மட்டும் அவருக்குத் திரும்பி வராது."

நம்பமுடியாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கேள்விகளுக்கு இடையே இடைவெளி கூடிற்று. நர்ஸ் கொடுத்த காபியைக் கையில் வாங்கி ஆற்றினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அண்ணன் இல்லேல்ல?"

"இல்லீங்க."

தலையாட்டினார். காபியைக் குடித்தார். அதற்குப்பின் அந்தக் கேள்வி வரவில்லை.

வீட்டுக்கு வந்தபின், நடந்ததையெல்லாம் அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன், காரில் அழுததையும் சேர்த்து. சில மாதம் கழித்து அவினாசிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், பந்திக்குக் காத்திருந்த சொந்தக்காரர்களிடம் அவர் அந்த நாளைப் பற்றிச் சொல்லக் கேட்டேன். "இவ சொன்னதும் பொங்கிருச்சு. வெளிய மழை ஊத்துது, வைப்பர் ஓடுது, நான் கொழந்தையாட்ட அழுவறேன்" என்றார். சுற்றியிருந்தவர்கள் கண் கலங்கினார்கள்.

வீடு திரும்பும்போது சொன்னேன்: "அன்னைக்கு மழையே இல்லீங்க. உங்களுக்கு அந்த நாளே ஞாபகம் இருக்காது. நான் சொன்னதத்தான் சொல்றீங்க."

"வைப்பர் ஓடினது கண்ணுல அப்படியே நிக்குது புள்ள" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

நினைவு கூரும் ஒவ்வொரு முறையும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது என்பதும் பாடத்தில் இருப்பதுதான். அந்தக் காரை நானும் நினைத்துப் பார்த்தேன். நெரிசல், அவர் ஈரக் கை, முன் கண்ணாடி. கண்ணாடியில் இப்போது எனக்கும் தண்ணீர் வழிந்தது.

மறுநாள் கீழே போய் ஆபரேட்டரிடம் கேட்டேன். "அன்னைக்கு மழை பேஞ்சுதா?"

மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"தெரியல அக்கா. நான் சார் மூஞ்சிதான் பாத்துச்சு."