மடியில் தயிர்க்கலயம்

என் வீட்டுக்காரருக்கு காரை விரட்டி ஓட்டுவதென்றால் பைத்தியம். எழுபதுகளின் தொடக்கத்தில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வாங்கினார். வளைவில் வண்டி சாயக் கூடாதென்று, இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற ஸ்பிரிங்கை மதுரையில் தேடிப் பிடித்து மாட்டினார். எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் குழப்பம்: இறுக்கினால் பள்ளத்தில் தூக்கிப்போடும், தளர்த்தினால் வளைவில் சாயும்.

திருச்சுழியில் என் அம்மா தயிர்க்கலயம் கொடுக்காமல் எங்களை அனுப்பமாட்டாள்.

"அதை மடியில வச்சுக்க. சிந்துனா தளர்த்துறேன். சிந்தலைன்னா இந்த இறுக்கம்தான்" என்றார் என் வீட்டுக்காரர், ஒருநாள் அங்கிருந்து கிளம்பும்போது.

அருப்புக்கோட்டை ரோட்டில் கார் பறந்தது. ஒவ்வொரு பள்ளமும் என் முதுகில் வந்து இடித்தது. ஆனாலும் வளைவுக்கு வளைவு அவர் முகத்தில் பூத்த சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. கலயத்தை மடியில் படாமல் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும், "பாத்தீகளா? இந்த இறுக்கமே இருக்கட்டும்" என்றேன்.

அவர் ஸ்பேனரோடு காருக்கடியில் படுத்துத் தளர்த்த ஆரம்பித்தார்.

"தயிருதான் சிந்தலையே?"

"தயிரை யாரு பாத்தா? நடுங்குன ஒன் கையைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்."

அதற்கப்புறம் கார் வளைவுகளில் தொட்டில் மாதிரி ஆடியது. என் சேலையெல்லாம் தயிர்க்கறை. அவர் மறுபடி இறுக்கவே இல்லை.