பிரேக் ஆயிலுக்குப் பதிலாக வாங்கிய ஸ்பாய்லர்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. குறைந்த செலவில் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழக, மாமா மகன் குமாருடன் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினேன். பிரேக் ஆயில் கறுத்திருந்தது. மாற்றச் சொன்னேன். அவனோ அந்தக் காசில் காரின் பின்னால் இறக்கை மாதிரி ஒரு ஸ்பாய்லர் மாட்டினான். ஸ்டிக்கர் ஒட்டினால் வேகம் கூடும் என்று நம்புகிற கூட்டம் அது. தெரிந்தும் விட்டுவிட்டது என் தவறு.

தடத்தில் முதல் நாள், எங்கள் மலைச்சாலையின் ரிங்லெட் இறக்கத்தில் ஓட்டுவது போலவே வளைவுக்கு முன் கியரைக் குறைத்து வேகத்தை அடக்கினேன். சுற்று முடிந்ததும், தடத்தின் ஓரம் நின்ற குமார் சிரித்தான்.

"என்னா கிராணியம்மா, தேயிலை லோரியா ஓட்டுறே? பிரேக்க நம்பி மிதி லா!"

ரோஷத்தில் அடுத்த சுற்றுகளில் பிரேக்கை மட்டுமே மிதித்தேன். நான்காவது சுற்றில் பழைய ஆயில் சூடேறி, பிரேக் பெடல் பிடிப்பில்லாமல் தரைவரை இறங்கியது. கார் நிற்கவில்லை. எதிரே டயர் அடுக்கிய சுவர். கை தானாகவே கியரை மூன்றுக்கும் இரண்டுக்கும் இறக்கியது. சுவருக்கு இரண்டு முழம் முன்னால், சரளைக்கல்லில் புதைந்து கார் நின்றது.

ஓடிவந்த குமார் முதலில் தடவிப் பார்த்தது ஸ்பாய்லரை.

"நல்ல வேளை, இதுக்கு ஒண்ணும் ஆவல லா!"

இப்போது ஒவ்வொரு முறையும் தடத்துக்குப் போகுமுன் பிரேக் ஆயிலை நானே மாற்றுகிறேன். லோரி மாதிரியேதான் கியரைக் குறைக்கிறேன். ஸ்பாய்லரைக் கழற்றிக் குமாரிடமே கொடுத்துவிட்டேன். துணி காயப்போட உதவும்.